மூழ்கிப்போன இரண்டு எழுத்து

பழைய கேமராக்களுக்குப் புதுச் சாயமும் எழுத்தும் போட்டுத் தரும் அந்தக் கடையில் எழுத்து மனைவியின் பொறுப்பு, சாயம் கணவனுடையது. இயந்திரத்தின் ஒரு கையால் அவள் பெரிய அச்செழுத்தின் பள்ளத்தைத் தடவிக்கொண்டே போனால், மறு கையிலிருக்கும் கூர்முனை அதே எழுத்தை அரிசி அளவில் கேமராவின் பித்தளை மேல்மூடியில் செதுக்கும். பிறகு அவன் மூடிக்குக் கறுப்பு அடித்து, அடுப்பில் சுட்டெடுத்து, எழுத்துப் பள்ளங்களில் வெள்ளையைத் தேய்த்து, வழிந்ததைத் துடைப்பான்.

அந்த வாரம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கடை அடுப்பு பழுதானதால் அவன் ஒரு மூடியைச் சமையலறை அடுப்பில், அவளுடைய கேக்குக்குப் பக்கத்திலேயே வைத்துச் சுட்டுவிட்டான். மூடி பளபளவென்று வந்தது. கேக்கை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு பல் டாக்டர் தன் மாமனாரின் கேமராவைக் கொண்டுவந்தார். பிறந்தநாளுக்குப் புதுப்பித்துத் தர வேண்டுமாம். மேலே ‘உங்கள் மருமகன்’ என்று பொறித்தால் போதும், அதற்குமேல் எழுதும் அளவுக்கு ஒட்டுதல் இல்லை என்றார்.

அவள் கோபத்தில் செதுக்கியதால் ‘மரு’வில் முனை சரியாக இறங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தால், அங்கே மெல்லிசாக அடிக்கச் சொல்லியிருப்பாள். அவன் வழக்கம்போலத் தடிமனாக அடித்தான். இரண்டு எழுத்தும் மூழ்கிப்போயின. நடுவில் ஏன் இவ்வளவு இடம் என்று கேட்க அவனுக்கு நாக்கு துடித்தது, வீம்பு விடவில்லை. டாக்டரும் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் அவர் முகம் வாடி வந்தார். “மரு எங்கம்மா போச்சு?” என்றார். கணவன் அவர் கன்னத்தைப் பார்த்தான்.

‘உங்கள் மகன்’ என்று படித்த மாமனார் தேம்பி அழுதாராம். மறுநாளே பெட்டி படுக்கையோடு இந்த ‘மகன்’ வீட்டுக்கே குடிவந்துவிட்டாராம். இப்போது கிளினிக்கில் உட்கார்ந்து, வாயைப் பிளந்திருக்கும் நோயாளிகளையெல்லாம் படம் எடுக்கிறாராம்.

“கொண்டுவாங்க டாக்டர், சின்ன வேலைதான்” என்றாள் மனைவி.

“கழுத்துலேர்ந்து கழட்டினாத்தானேம்மா.”

அவர் போனதும், ஆழமாக வெட்டவில்லை என்று அவனும், அப்பி வைத்தது யார் என்று அவளும் சண்டை போட்டார்கள். அப்படித்தான் பேச்சு மீண்டும் தொடங்கியது.

பிறகு ஒருநாள் மாமனாரே வந்து, கேமராவைக் கழற்றி மேசைமேல் வைத்து, இடைவெளியைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க ‘மூத்த’ன்னு போட்டுடுங்க. பெத்த பையனுங்க ரெண்டு பேரும் எப்பவாவது போன் பண்ணுவானுங்க. இவன்தான் கூட வச்சுப் பாத்துக்கறான்.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுக்க இருவருக்கும் மனம் வரவில்லை. இம்முறை முனை நன்றாகவே இறங்கியது.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். திட்டத்தான் போகிறார் என்று கணவன் போனை அவளிடம் தள்ளிவிட்டான்.

“அவர் என்னைப் படம் எடுத்திருக்காரும்மா” என்றார் டாக்டர். “பரவாயில்லாமத்தான் இருக்கு. ஃப்ரேம் எங்க கிடைக்கும்?”