நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் ஒரு நன்றிப் பரிசு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள், என் கையில் வந்து விழுந்தது. வாராவாரம் ஒரு பிணத்தையாவது விழவைத்துப் பிழைப்பவன் நான். வாசகர்களை நகம் கடிக்க வைப்பது என் தொழில். அப்படிப்பட்டவன் ஒரு டீச்சருக்கு நன்றிப் பரிசு தேடும் கதை எழுத உட்கார்ந்தால், லிஃப்டில் காற்றோட்டம் போதவில்லை என்றுதான் அர்த்தம்.

பழக்கதோஷத்தில் முதலில் இப்படித் தொடங்கினேன்:

டீச்சர் வகுப்பறைக் கதவைத் திறந்தாள். நாற்காலியில் அசையாமல் ஒரு

அடித்துவிட்டேன். ஒன்றாம் வகுப்பு நாற்காலியில் பிணம் உட்கார இடம் போதாது. அடுத்தது:

ஆசிரியர் என்பவர் அறியாமை இருளை நீக்கும்

இதை எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. ஆகவே மூன்றாவது வழி: நடந்ததை நடந்தபடி சொல்வது. என் தொழிலில் இதற்கு மரியாதை இல்லை.

2

கதாநாயகர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கும் அவர்தான் வைத்தியர்.

(அவர் முகத்தை வர்ணிக்கச் சொல்லாதீர்கள். அஞ்சாவது மாடிக் கதவை அவர் ஒரு முழம் நெம்பித் திறந்து வைத்திருந்தார். உள்ளே கீழே நின்ற எனக்கு அந்த இடைவெளியில் தெரிந்தது இரண்டு முழங்கால்களும் ஒரு டார்ச்சும்தான். மொட்டை மாடி மோட்டார் ரூமில் அவருடைய கூட்டாளி பிரேக்கை விடுவிக்கும் வரை பொழுது போகவேண்டுமே என்று அவர் பேசினார். இந்தக் கதை முழுவதும் இரண்டு முழங்கால்கள் சொன்னது.)

மெக்கானிக்குக்கு ஒரு வியாதி உண்டு. எது ஓடாமல் நின்றாலும் கை அரிக்கும். சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், நின்ற ஃபேனை ஓடவிட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருவார். சாம்பார் ஆறிப்போனது பற்றி அவர் மனைவியிடம் தனி அறிக்கையே உண்டு.

ஒரே மகள். ஒன்றாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குப் பெயர் சைரன். பள்ளியில் சேர்ந்த முதல் மூன்று மாதம், தெருமுனை வரை கேட்கும்படி அழுதவள். நாலாவது மாதம் அழுகை நின்றது. எப்படி நின்றது என்று வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. ஒழுங்காக ஓடுகிற லிஃப்டை நிறுத்தி யாராவது காரணம் கேட்பார்களா?

3

ஆண்டுக் கடைசி வந்தது. டீச்சருக்கு என்ன கொடுப்பது என்று அம்மாக்கள் குழுவில் போர் மூண்டது.

இருபத்தெட்டுப் பிள்ளைகளில் பதினொரு பேர் வீட்டில் காபிக் கோப்பை என்று முடிவாகியிருந்தது. எல்லாவற்றிலும் "உலகின் தலைசிறந்த டீச்சர்". ஒரே வகுப்புக்குள் ஒருவருக்கே பதினொரு முறை உலகப் பட்டம். மிச்சப் பேர் வாசனை மெழுகுவத்தி. டீச்சர் வீட்டில் தினமும் மின்சாரம் போகும், போகும்போதெல்லாம் ஊரே காபி குடிக்க வரும் என்பது குழுவின் கணிப்பு.

"நாம வித்தியாசமா குடுக்கணும்ங்க. யோசிச்சுக் குடுத்தாங்கன்னு தெரியணும்" என்றாள் மனைவி. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஆட்களின் மூக்கைப் பார்த்தே ஃப்ரேம் எடுத்துத் தருவாள்.

"அப்போ ஒரு கண்ணாடி ஃப்ரேம்?"

"அவங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கு. உங்களுக்குத்தான் தெரியல."

"பூந்தொட்டி?"

"ஏற்கெனவே இருபத்தெட்டுக்குத் தண்ணி ஊத்தறாங்க. பத்தலையா?"

(இந்த வசனம் நான் எழுதியது இல்லை. நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வராது.)

4

அப்போதுதான் தடயம் கிடைத்தது. சைரனின் பையில், பென்சில் டப்பாவுக்குள், கைக்குட்டையில் சுற்றி ஒரு பெண்கள் வாட்ச். டீச்சருடையது. முள் மூன்றரையில் நின்றிருந்தது.

"டீச்சர் ரெண்டு நாள் லீவுப்பா. வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோன்னு குடுத்தாங்க."

பார்த்துக்கொள் என்றால் மெக்கானிக் காதில் எப்படி விழும்? ரிப்பேர் பார் என்றுதான். இவர் தொழில் டீச்சருக்குத் தெரியும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, குழந்தை கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள், பாவம்! கோப்பையாவது, மெழுகுவத்தியாவது. இதுவல்லவா பரிசு!

வாட்சின் பின்மூடி, நகத்தால் நெம்பினாலே திறக்கிற ரகம். திறந்தார். உள்ளே பேட்டரி இல்லை.

தீர்ந்த பேட்டரி இல்லை, ஐயா. பேட்டரியே இல்லை. வெறும் பள்ளம்.

இந்த இடத்தில் என் நாவல்களில் வரும் துப்பறியும் ஆசாமியாக இருந்தால் புருவத்தை உயர்த்தி, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, இரண்டு வாரம் யோசித்திருப்பான். மெக்கானிக் "கடைக்காரன் கழட்டிட்டு மறந்துட்டான்போல" என்று சொல்லிவிட்டுப் புதிதாகப் போட்டார். பட்டையைத் துடைத்தார். நேரத்தை வினாடி சுத்தமாக வைத்தார். மனைவி வளையல் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொடுத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பெருமை, சந்திரனில் கால் வைத்தவர்களுக்கும் இருந்திருக்காது.

5

(இங்கே எனக்கு அந்த மனிதர்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவராக ஒரு பாத்திரம் இருந்தால் மூன்றாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொள்வான் என்பது என் அனுபவம். மாட்டிக்கொண்டார்.)

டப்பாவைத் திறந்து சைரனிடம் காட்டினார்கள். அவள் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"யாருப்பா இத ஓட விட்டது?"

"அப்பாதான்! டீச்சருக்கு சர்ப்ரைஸ்!"

"இது ஓடக் கூடாதுப்பா."

விஷயம் இதுதான். வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவள் அழும்போதெல்லாம் டீச்சர் வாட்சைக் கழற்றி அவளிடம் கொடுப்பாளாம். 'பெரிய மணி பள்ளிக்கூடத்துக்கு, இந்த மணி உனக்கு.' சைரன் முள்ளைத் திருகி மூன்றரையில் வைப்பாள். பள்ளி விடுகிற நேரம். அவள் வைத்த இடத்திலேயே அது நிற்கும். வீடு பக்கத்திலேயே வந்து நின்றுகொள்ளும். அதற்குப் பிறகு கணக்குப் பாடமாவது, இன்னொன்றாவது, ஒரு கை பார்த்துவிடுவாள்.

"இப்ப மூணரை வெச்சா, அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ப்பா. டீச்சர் கேட்டா என்ன சொல்றது?"

சொல்லிவிட்டு டப்பாவை மூடி வைத்தாள். அழவில்லை.

"அதான் சார் தாங்கல" என்றன முழங்கால்கள். "அழுதிருந்தா, சரி சைரன்தானேன்னு விட்டிருப்பேன்."

6

இது நடந்தது, நான் லிஃப்டில் மாட்டியதற்கு முந்தின நாள். மாட்டியதற்கு மறுநாள் பள்ளியின் கடைசி நாள், டீச்சர் வருகிறாள், வாட்ச் திரும்பிப் போகவேண்டும். முடிவுகளுக்கு என்னிடம் பஞ்சமில்லை.

முடிவு அ: பேட்டரியைக் கழற்றிவிடுகிறார். எல்லாம் பழையபடி. சுபம். ஆனால் இதற்கு மனைவியின் ஆட்சேபம் இருக்கிறது: "அடுத்த வருஷம் வேற டீச்சர். அவங்க வாட்ச் ஓடுமே? எத்தனை வாட்சைத்தான் நிறுத்துவீங்க?"

முடிவு ஆ: ஓடவிட்டே கொடுக்கிறார். டீச்சர் காதில் வைத்துக் கேட்டு, சைரனைக் கட்டிக்கொண்டு, "இனிமே உனக்கு இது தேவையில்ல" என்று கண்கலங்க (அடித்துவிட்டேன். டீச்சர் என்ன சொல்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பேட்டரியை எடுத்துவிட்டு மாதக்கணக்கில் நின்ற வாட்சைக் கட்டிக்கொண்டு நடந்தவளை முன்கூட்டியே எழுத எனக்குத் தகுதி போதாது.)

முடிவு இ: ஒரு காபிக் கோப்பை.

"நீங்க கதை எழுதறவர்தானே சார்? சொல்லுங்க" என்றார் மெக்கானிக். "எனக்குக் கழட்டக் கை வரல. நின்னத ஓட வைக்கத்தான் கத்துக்கிட்டேன். ஓடறத நிறுத்தினதே இல்ல. டப்பாவோட பையிலயே வெச்சுக்கிட்டுச் சுத்தறேன். இந்தாங்க, நீங்களே பாருங்க."

இடைவெளி வழியாக ஒரு கை நீண்டது. வாட்ச் என் உள்ளங்கைக்கு வந்தது. சின்னது. டிக் டிக் என்று, யாரையும் கேட்காமல், ஓடிக்கொண்டிருந்தது.

அதே நேரம் மேலேயிருந்து கூட்டாளியின் குரல்: "பிரேக்க விடறேண்ணே!"

"கைய உள்ள வெச்சுக்கோங்க சார்!"

முழங்கால்கள் மேலே போயின. அதாவது நான் கீழே போனேன்.

7

நாலாவது மாடி. கதவு திறந்தது. வெளியே வந்தேன். வாட்ச் என் கையில்.

அஞ்சாவது மாடியிலிருந்து அவர் படியில் இறங்கி வரும் சத்தம் கேட்கிறது. பதினெட்டுப் படி. எண்ணியிருக்கிறேன், எங்கள் லிஃப்ட் அப்படி.

வந்ததும் டப்பாவில் போட்டு மூடிவிடுவார். திறந்து பார்க்க மாட்டார். பார்க்கிற தைரியம் இருந்தால் என்னிடம் ஏன் கொடுக்கிறார்? நாளைக் காலை சைரன்தான் அதை மறுபடி காதில் வைக்கப்போகிறாள்.

நான் என்ன செய்தேன் என்று சொல்வதாக இல்லை. இத்தனை வருடம் முடிவுகளை நானே வைத்துக்கொண்டு உங்களை வாரக்கணக்கில் காக்கவைத்தேன். இந்த ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டுங்கள். சூடாக இருக்கும், ரொம்ப நேரம் மூடிப் பிடித்திருந்தேன்.

பன்னிரண்டாவது படியில் இருக்கிறார். பின்மூடி நகத்தால் நெம்பினாலே திறக்கும். என் தொடர்கதைகளைப் படித்துப் படித்து நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்திருந்தீர்களென்றால், அந்தப் பழியை மட்டும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.