எல்லாருக்கும் போன இன்னா

என் அண்ணன் ஸ்டீவுக்கு நாளைக்கு வேலூரில் ஆபரேஷன். பித்தப்பையில் கல். இதை எனக்குச் சொன்னது அம்மாகூட இல்லை, கோவில் பாடகர் குழுவிலிருக்கும் சாந்தம்மாள். தங்கச்சி ரெனிக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவின் வாயை அவன் கட்டி வைத்திருந்தான்.

மலைமேல் காவலூரில் எங்கள் புது வீட்டை ஃபாதர் வந்து மந்திரித்தபோது, வாட்ஸப்பில் எல்லாருக்கும் அழைப்பு அனுப்பிய கையோடு அவனுக்கும் அனுப்பினேன். அதுதான் குற்றம். கூடப்பிறந்தவனை நேரில் போய் அழைக்கவில்லையாம். "ஊருக்கு அனுப்புற மாதிரி எனக்கும் அனுப்பிட்டா" என்று சொல்லிவிட்டு அவன் வரவில்லை. அதிலிருந்து பேச்சும் இல்லை. சாந்து காயாத வீட்டை விட்டுவிட்டுத் அழைப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க எனக்கு நேரமா இருந்தது? அன்றும் கோபம், இன்றும் கோபம். ஆனால் ஆபரேஷன் என்று கேட்டதிலிருந்து இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. போன் செய்தால் வெட்டுகிறான். வாட்ஸப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறான்.

வேலை என்று ஒன்று இருந்ததால் கையாவது ஓடியது. எங்கள் கோவிலுக்கு உட்பட்ட பங்கு அடிவாரத்திலும் மலையிலுமாகப் பரந்து கிடக்கிறது. பூசை நேரம் மாறினால், யாராவது இறந்தால், எல்லார் போனிலும் டிங் என்று அறிவிப்பு வர ஓர் ஆப் செய்து கொடுத்திருந்தேன். அறிவிப்பை அனுப்பும் சர்வருக்கு ஓர் இணையப் பக்கம் உண்டு. எங்கள் மலை சிக்னலில் அது சுற்றிக்கொண்டே இருக்குமே தவிரத் திறக்காது. அதனால் படமும் பொத்தானும் இல்லாத ஒரு சின்ன நிரலை எழுதிக்கொண்டிருந்தேன். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் போதும், செய்தி போய்விடும். அதற்கு 'மணி' என்று பெயர் வைத்தேன். மணி என்று அடித்து, யாருக்கு என்று பெயரைப் போட்டு, செய்தியை எழுத வேண்டும். பெயர் போடாவிட்டால் எல்லாருக்கும் போகும். ஃபாதருக்குப் பெயரெல்லாம் போட வராது என்பதால் நானே வைத்த விதி அது.

காலையில் முதல் சோதனைக்கு உட்கார்ந்தபோதுதான் பட்டியலில் ஸ்டீவின் பெயர் கண்ணில் பட்டது. தங்கையைத் தடுக்கலாம், கோவிலை யார் தடுப்பார்கள்? பூசைச் செய்தி வரும் வழியில் நானும் ஒரு வார்த்தை அனுப்பிவிடலாம். என்ன எழுதுவது? எப்படி இருக்கிறாய் என்றால் நீட்டலாகத் தெரிந்தது. மன்னித்துவிடு என்று எழுத என் கை வராது. கடைசியில் 'இன்னா' என்று மட்டும் அடித்தேன். அவன் பேச வேண்டும், அவ்வளவுதான். மனம் மாறுவதற்குள் என்டரைத் தட்டினேன்.

அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது. பெயர் போடவில்லை.

திரையில் வரிசையாக 'சென்றது, சென்றது' என்று ஓடியது. கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது: 'ஸ்டீவ், செல்லவில்லை. இந்த போன் பதிவில் இல்லை.' ஆப்பையும் தூக்கி எறிந்துவிட்டானா? பங்குக்கே போய்விட்டது, யாருக்கு எழுதினேனோ அவனுக்குப் போகவில்லை. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

போன் அலற ஆரம்பித்தது. கோவில் கணக்கப்பிள்ளை மரியஜோசப்தான் முதலில்.

"மாதா கெபி கட்ட வாங்கின சிமெண்டு நம்ப வூட்லதாம்மா கீது. நனையாம வச்சிருக்கேன்னு ஃபாதர்கிட்ட சொல்லிடு."

அடுத்து சாந்தம்மாள். "ரெண்டு வாரமா பாட்டுக்கு வரலதான். மூட்டு வலிம்மா. அதுக்குன்னு இன்னான்னு கேக்குறதா?"

ஃபாதரே கூப்பிட்டார். "ரெனி, எனக்கும் இன்னான்னு வந்திருக்குது. யாரும்மா கேக்குறது?"

ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் பிரவின்ராஜ் புரையேறச் சிரித்தார். "சும்மா கெடந்த சங்கை ஊதிட்டியே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடிக்குப் போனேன், இறங்கினேன், மறுபடி போனேன். சோதனைச் செய்தி, மன்னிக்கவும் என்று எல்லாருக்கும் அனுப்பலாமென்று கணினியைத் திறந்து, அனுப்பாமல் மூடினேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அவன் இந்நேரம் வேலூர் பஸ்ஸில் இருப்பான்.

மதியத்துக்கு மேல் போன் அடித்தது. ஸ்டீவ்.

எடுத்தேன். பஸ் இரைச்சல்தான் கேட்டது.

"ஊருல எல்லாரையும் இன்னான்னு கேட்டியாமே," என்றான் கடைசியில். "மரியஜோசப்பு போன் போட்டு சொல்லிச் சொல்லி சிரிக்கிறாரு. எனக்கு மட்டும் வரல."

"ஆப்பைத் தூக்கிட்டியேண்ணா."

"நான் இன்னாத்துக்குத் தூக்கப்போறேன்? போனு தண்ணில வுழுந்துச்சு. இது புதுசு. அதுல இன்னும் போடல. அந்த சாந்தம்மாளுக்குக்கூட வந்துகீது. எனக்கு வரல."

"உனக்குத்தாண்ணா எழுதினேன். தப்பா ஊருக்கே போய்ட்டுது."

"பொய் சொல்லாத."

"சத்தியமா."

பஸ் எங்கோ நின்றது. யாரோ வேர்க்கடலை விற்கும் குரல் கேட்டது. அவன் போனை வைத்துவிடுவானோ என்று காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, இப்ப கேளு," என்றான்.

"இன்னாண்ணா?"

"பயமாக்கீது ரெனி," என்றான் என் அண்ணன்.