நான்காவது பாக்ஸ்

மூன்றாவது ஸ்பீக்கர் பாக்ஸின் பின்பலகையைக் கழற்றியதும் அதே தீய்ந்த வாடை வந்தது. ஏசுபாதம் டார்ச்சை உள்ளே அடித்தான். அடிச்சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கீச்சுச் சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்துவிடுகிற க்ராஸ்ஓவர் பலகை நடுவில் கருகிக் கிடந்தது. அதில் சுருளாகச் சுற்றியிருந்த காயிலின் கம்பி வார்னிஷ் உருகி வழிந்திருந்தது. முதல் இரண்டு பாக்ஸிலும் இதே கோலம்தான்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலைப் பார்த்தபடி இருந்த விடுதியின் விழா மண்டபம் அது. நாவலூர் கம்பெனிகளின் ஆண்டு விழாவும் வசதியானவர்களின் கல்யாண வரவேற்பும் அங்கே நடக்கும். 2003 வைகாசியில் ஒரு வரவேற்பு. மாப்பிள்ளை மேடையேறிய நேரம் பாட்டு நின்று புகை வந்தது. பெண்வீட்டார் மேனேஜர் சம்பத்தை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அவர் அதை அப்படியே சவுண்டு ஆபரேட்டர் பன்னீர்செல்வத்தின் மேல் இறக்கினார். ரிப்போர்ட் வரும்வரை வேலைக்கு வராதே என்று சொல்லியாயிற்று. ரிப்போர்ட் எழுதச் செங்கல்பட்டுக் கடையிலிருந்து வந்தவன் ஏசுபாதம்.

வேலைக்கு வராதே என்றாலும் பன்னீர்செல்வம் வந்திருந்தான். யூனிஃபார்ம் இல்லாமல், கட்டம்போட்ட சட்டையில், ஸ்க்ரூக்களைப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

"எட்டு வருஷம்ணா. அடுத்த மாசம் பர்மனென்ட் பண்றன்னு சொல்லிகினு இருந்தாங்க. நான் ஆறுக்கு மேல வச்சதே இல்லண்ணா. கோடு போட்டுகீறேன், பாருங்க."

ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் திருகில் ஆறாம் எண்ணுக்கு நேராகச் சிவப்புக் கோடு இருந்தது. அவன் பெண்டாட்டியின் நகப்பூச்சாம். ஏசுபாதத்துக்குச் சிரிப்பு வந்தது. இப்படிப் பார்த்துக்கொள்கிறவன் பாக்ஸை எரிப்பானா என்றும் தோன்றியது.

ஆம்ப்ளிஃபயரை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தான். கோளாறில்லை. ஒயர்களை முழம் முழமாகத் தடவிப் பார்த்தான். அதிலும் இல்லை. கடைசியில் நான்காவது பாக்ஸைத் திறந்தான். கருகலும் இல்லை, வாடையும் இல்லை. பலகையில் மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர் வெள்ளையாக, வைத்தது வைத்தபடி இருந்தது. அதன் கால்களில் மட்டும் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது.

அதே ஆம்ப்ளிஃபயர், அதே பாட்டு. சத்தம் கூடி எரிந்திருந்தால் நாலும் எரிந்திருக்க வேண்டும். அவன் மறுபடி முதல் பாக்ஸுக்கு வந்து குனிந்தான். கருகிய பலகையின் மேல் மஞ்சள் பிசின் கெட்டியாக உறைந்திருந்தது. நான்காவதில் பிசின் இல்லை.

அந்தப் பிசினை ஊற்றியவன் அவன்தான். கடலோரத்தில் ஈயப்பற்று ஒரு வருஷம் தாங்காது, உப்பு தின்றுவிடும். பலகையையே பிசினால் மூடிவிட்டால் என்ன என்று அவனாக யோசித்துக் கண்டுபிடித்தது. வேறெந்தக் கடைக்காரனுக்கும் இது தோன்றவில்லை என்று உள்ளூரப் பெருமை வேறு. பொங்கல் கழிந்து இந்த மண்டபத்துக்கு வந்தபோது மூன்று பாக்ஸோடு பிசின் தீர்ந்துபோனது. நாலாவதை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டுப் போனான். ஜுரக்காரனைக் கம்பளியால் போர்த்தின மாதிரி, சூடாகிற ரெசிஸ்டரை மூச்சுவிட முடியாமல் மூடி வைத்திருக்கிறான்.

வரவேற்பறைக்குப் போய்க் கடைக்கு போன் போட்டான். முதலாளி ராஜாராம் எடுத்தார்.

"மொதலாளி, தப்பு நம்முளுதுதான். பிசின் ஊத்துனதுல சூடு வெளிய போவல."

முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ரோட்டுல எத்தினி ஓட்டலுக்கு அத ஊத்திகீற?"

"ஒம்போது."

"அப்ப வாயத் தொறக்காத. வால்யூம் ஜாஸ்தி வச்சதால எரிஞ்சிச்சின்னு எழுதிக் குடுத்துட்டு வா."

"பாவம் மொதலாளி, அந்த ஆளு..."

"அவரு பாவம்னா நீ எழுதாத. அப்பிடியே வூட்டுக்குப் போயிரு. கடைப்பக்கம் வராத."

ஏசுபாதம் போனை வைத்தான். பதினோரு வருஷம் அந்தக் கடை. வேறு தொழிலும் தெரியாது. மண்டபத்துக்குத் திரும்பி நடக்கையில், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பாதி வழிவரை நினைத்தான். மீதி வழியில் வீட்டு ஞாபகம் வந்தது. ஒரு மேஜையில் உட்கார்ந்து எழுதினான். நாலு வரிதான். கை மூன்று தடவை நின்றது.

சம்பத் படித்துவிட்டுத் தலையாட்டினார். "நான் அன்னிக்கே சொன்னேன். யாரு கேட்டா?"

"சார், அவரு நல்லா பாத்துக்கிறவருதான். ஒரு தடவ..."

"பாத்துக்கிட்டா எரியுமா? அவனையும் கீழ கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நாளைக்கு வந்து பேசக் கூடாது."

பன்னீர்செல்வம் தாளை வாங்கி உதடு அசைய மெதுவாகப் படித்தான். ஏசுபாதம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கத்துவான், திருகில் போட்ட கோட்டைக் காட்டிச் சண்டைபிடிப்பான் என்று எதிர்பார்த்தான். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. சட்டையைப் பிடித்து உலுக்கினால் உண்மை தானாக வெளியே வந்துவிடும்.

"நீங்களே தொறந்து பாத்து சொல்றீங்க. சரியாத்தாண்ணா இருக்கும்" என்றான் பன்னீர்செல்வம். "கூட்டத்துல கை பட்டு ஏறிருக்கும்போல. நான் கவனிக்கல."

அவன் பேனாவைக் கேட்டு வாங்கி, தன் முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகப் போட்டான். ஏசுபாதத்தின் வாய் திறந்தது. சம்பத் தாளை மடித்து டிராயரில் போட்டார்.

எரிந்த மூன்று பாக்ஸையும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். "நானும் ஒரு கை குடுக்கறேன்" என்று பன்னீர்செல்வமே வந்தான். ஏசுபாதம் குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தான். வெயிலில் இருவரும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வேனில் ஏற்றினார்கள். மூலை இடிக்காமல் பன்னீர்செல்வம் தன் கையை நடுவில் கொடுத்து இறக்கினான். விரல் முட்டியில் தோல் வழன்றது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பாக்ஸுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கத் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து இடையில் செருகினான்.

"மேடு பள்ளத்துல மெதுவா ஓட்டச் சொல்லுங்கண்ணா" என்றான். "உள்ள காயிலு ஆடிடும்."