அஞ்சு பந்தில் ரெண்டு கோல்

படையிலிருந்து ஓய்வு பெற்று ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்த பட்டாளத்தார், பாடம் நடத்தும் தேர்வில் முதல் தடவை தோற்றது ஒரே ஒரு கேள்வியால். பின்னக் கணக்கைப் பலகையில் போட்டு முடித்துவிட்டு, பயிற்சித் திடலில் புதுச் சிப்பாய்களிடம் காலமெல்லாம் கேட்ட அதே குரலில், "புரிஞ்சுதா?" என்றார். வகுப்பு மொத்தமும் ஜன்னல் அதிர, "புரிஞ்சுது சார்!" என்றது. அவருக்கு வயிறு குளிர்ந்துபோனது. மதிப்பெண் போடக் கல்லூரியிலிருந்து வந்திருந்த மேடம் பின்பெஞ்சிலிருந்து எழுந்து, முன்பெஞ்சில் ஒருவனிடம் அதே கணக்கைக் கேட்டார். திருதிருவென்று விழித்தான். பக்கத்தில் இருந்தவனும் விழித்தான்.

"நீங்க கேட்டது கேள்வி இல்ல சார், ஆர்டர். பாவம், புள்ளைங்க கீழ்ப்படிஞ்சிருக்குங்க," என்றார் மேடம்.

இன்றைக்கு மறுபடியும் அதே வகுப்பு, அதே மேடம். இதிலும் கோட்டை விட்டால் ஆசிரியர் சான்றிதழ் கிடையாது. அப்புறம் மச்சான் பார்த்து வைத்திருக்கும் வேலைதான்: சரக்குக் கிடங்கு வாசலில் காவல்.

காலையில் அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, இஸ்திரி போடுறீங்களா, கத்தி தீட்டுறீங்களா? எந்தப் புள்ளையாவது கையைக் கிழிச்சுக்கப் போகுது."

"மடிப்பு மடிப்பா இருக்கணும்ல."

"எங்கண்ணன் நேத்தும் கேட்டாரு. உடுப்பு, தொப்பி, விசில் எல்லாம் அவங்களே தர்றாங்களாம்."

"மறுபடியும் உடுப்பா?"

"எனக்கு மட்டும் ஆசையா? ஒழுங்கா பாஸ் பண்ணிட்டு வாங்க."

வகுப்பில் அரையையும் மூன்றில் ஒன்றையும் பலகையில் எழுதி, கூட்டினால் என்ன என்று கேட்டார். பள்ளிக் கால்பந்து அணிக்குக் கோல் காக்கிற பெண் கையைத் தூக்கினாள். முழங்காலில் ஆறாத சிராய்ப்பு. எல்லோரும் அவளை 'கோலி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அஞ்சுல ரெண்டு சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. படையில் ஒருவன் தப்பு செய்தால் வரிசை மொத்தமும் திடலைச் சுற்றி ஓட வேண்டும். 'எல்லாரும் எந்திரி' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினார். ஆனால் அந்தப் பெண் முகத்தில் தப்பு செய்தவளின் களையே இல்லை. எதை நம்பி இப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்? அது அவரைக் குடைந்தது.

"எப்படிம்மா வந்துச்சு?"

"நேத்து எனக்கு ரெண்டு பந்து அடிச்சாங்க, ஒண்ணு கோல். இன்னைக்கு மூணு அடிச்சாங்க, ஒண்ணு கோல். மொத்தம் அஞ்சுல ரெண்டு. சரிதானே சார்?"

பட்டாளத்தார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சரிதான். ஆனால் அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையை விடக் குறையுமா? ஐந்தில் இரண்டு, அரையை விடக் குறைச்சல். அதுவும் தப்பில்லை, இதுவும் தப்பில்லை. சிப்பாய்கள் முன்னால் நின்று 'தெரியாது' என்று சொன்ன அதிகாரியை அவர் பார்த்ததில்லை. பின்பெஞ்சில் மேடத்தின் பேனா நின்றது.

"எனக்குத் தெரியல," என்றார். "நிஜமாவே தெரியல. உங்க யாருக்காவது ஏதாவது தோணுதா?"

வகுப்பே சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி நோட்டுத் தாளைக் கிழித்தாள். இரண்டு பேர் பெஞ்ச் மேல் ஏறிச் சண்டை பிடித்தார்கள். அவரும் சாக்பீஸ் தூசி சட்டையெல்லாம் அப்ப, பலகையில் பந்து பந்தாகப் போட்டு அழித்துக்கொண்டிருந்தார்.

"சார், தாள் ஒண்ணுதான்," என்றாள் கிழித்தவள். "அதே தாள்ல பாதி, அதே தாள்ல மூணுல ஒரு பங்கு. கோலியோட பந்து அப்படி இல்ல. நேத்து பந்து வேற, இன்னைக்கு பந்து வேற."

"அப்ப பாதின்னா..." என்று இழுத்தாள் கோலி, "எதுல பாதின்னு கேக்கணுமா?"

மணி அடித்தது. எழுதிக்கொண்டு வந்த பாடத்தில் கால்வாசி கூட நகரவில்லை. போச்சு, விசில்தான் நமக்கு என்று நினைத்துக்கொண்டு மேடத்தின் முன்னால் விறைப்பாக நின்றார்.

"பாடத்த முடிக்கல நீங்க."

"ஆமா மேடம்."

"சத்தம் ஹெட்மாஸ்டர் ரூம் வரைக்கும் போயிருக்கும்."

"ஆமா மேடம்."

"இன்னைக்கு ஒரு தடவைகூட 'புரிஞ்சுதா'ன்னு கேக்கல. கவனிச்சீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லைதான். கேட்க ஞாபகமே வரவில்லை.

மேடம் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். "அந்தப் பந்துக் கணக்கை நாளைக்கு அப்படியே விட்டுடாதீங்க. பாதியில நிக்குது."

வாசலுக்கு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னாச்சுங்க? அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு."

"விசிலை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. சிரிப்பும் கேட்டது.

"அது கிடக்கட்டும்," என்றார் அவர் அவசரமாக. "இதைக் கேளு. நேத்து ரெண்டு பந்து அடிச்சாங்க, ஒண்ணு கோல்..."