ஆறரை மணிச் சுற்று

அவர் சட்டைப் பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். காலையில் வேலைக்கு வந்த பிறகு, சலவைக்கூடத்தின் வாசலில்தான் அதைக் கவனித்தேன். அவரை நிறுத்தி, எல்லாவற்றையும் கழற்றி, கீழிருந்து மறுபடி போட்டுவிட்டேன்.

"ஊரையே குறை கேக்கிற மனுஷன். உங்க சட்டையை யாரு கேக்கிறது?" என்றேன்.

"அதுக்குத்தானே உன்னைக் கட்டினேன்," என்றார்.

எப்போதும்போல நாங்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அது. அப்போது மணி ஆறு இருபத்தைந்து. ஏழு இருபதுக்கு அவர் இல்லை.

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் கூடம் அது. என் கணவர் மேற்பார்வையாளர். நான் மடிப்பு மேசையில் இருந்தேன். எங்களோடு இன்னும் ஏழு பேர். தினமும் ஆறரைக்கு, மெயின் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால், அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், "சொல்லு, என்ன குறை?" என்று கேட்பார். எல்லாரும் பதில் சொன்ன பிறகுதான் கூடத்துக்கு மின்சாரம் வரும். அவருக்கு முன்னால் இருந்தவர் குறை சொன்னால் கத்துவார். அதனால் எல்லாரும் எதையாவது மறைத்துக்கொண்டே வேலை செய்தோம். இவர் வந்து முதல் மாதம் கேட்டபோதும் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றுதான் பதில். ஒருநாள் இஸ்திரி அக்கா, போனால் போகிறது என்று, தன் ஸ்டூல் ஆடுகிறது என்றாள். அவர் அங்கேயே உட்கார்ந்து கால் ஆணியை முடுக்கிக் கொடுத்துவிட்டு, பிறகுதான் சுவிட்சைப் போட்டார். அதிலிருந்து எல்லாருக்கும் வாய் திறந்துவிட்டது. காலையில் கேட்டதைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார். சாயங்காலம் அதே ஆளிடம் திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று சொல்வார். முடியாததை முடியாது என்றே சொல்வார். அவருக்கு 'விசாரணை' என்று பெயர் வைத்தார்கள். "விசாரணை வருது, மூஞ்சியைத் துடைச்சுக்கோ," என்று இஸ்திரி அக்கா அவர் காதில் விழும்படியே சொல்வாள். பதினோரு வருஷம் ஒரு விரல் நகம் கூட எங்கள் கூடத்தில் நசுங்கவில்லை.

அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கூடத்துப் பேச்சை வீட்டில் எடுக்கக்கூடாது. எடுத்தால், "அதை நாளைக்குச் சுற்றுல சொல்லு," என்பார். மற்றவர்கள் வழியில் மடக்கிச் சொன்னாலும் அதே பதில்தான். சுற்றில் சொன்னால் சீட்டில் ஏறும், மறக்காது என்பது அவர் கணக்கு. அதில் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்று காலை ஆறரைக்கு முன்பே மருத்துவமனை வேன் வந்து நின்றுவிட்டது. ஆபரேஷன் அறைக்கு விரிப்பே இல்லை என்று வேன்காரர் வாசலில் நின்று பறந்தார். அங்கிருந்து இரண்டு முறை போன் வந்தது. என் கணவர் எங்களைப் பார்த்து, "இன்னைக்குப் பத்து மணிக்கு மேல கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க," என்று சொல்லி மெயினைப் போட்டார். கேட்காமல் அவர் சுவிட்சைப் போட்டதை அன்றுதான் பார்த்தோம்.

அவசரம் என்பதால் பிழியும் இயந்திரத்தில் தானும் ஒரு கை கொடுத்தார். துணியைச் சுழற்றித் தண்ணீரை இறைக்கும் பெரிய இரும்புத் தொட்டி அது. சுழற்சி நிற்கும்வரை அதன் மூடியைத் திறக்கவிடாமல் ஒரு தாழ் பிடித்துக்கொண்டிருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து மூடியைத் தூக்கினார். மூடி வந்துவிட்டது. தொட்டி நிற்கவில்லை. ஒரு விரிப்பின் நுனி அவர் கையில் சுற்றிக்கொண்டது. என் மேசைக்கும் அந்த இயந்திரத்துக்கும் பன்னிரண்டு எட்டு தூரம். நான் எத்தனையாவது எட்டில் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. கையில் பாதி மடித்த தலையணை உறை இருந்தது. அதை முழுவதும் மடித்து, அடுக்கில் வைத்துவிட்டு நடந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

நான்காம் நாள் நெட்டை வீட்டுக்கு வந்தான். பிழியும் இயந்திரம் அவன் பொறுப்பு. நிலைக்குத் தலையைக் குனிந்து உள்ளே வந்தவன், நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அந்தத் தாழு முந்தின நாள் சாயங்காலமே விட்டுப்போச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். மூடியை யாரும் தூக்காம இருக்க ஒரு துணியைக் கட்டி வச்சிருந்தேன். காலையில அவசரத்துல யாரோ அவுத்துட்டாங்க."

"ஏன் சொல்லல?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். ஒளிக்க ஒன்றும் இல்லாத பார்வை.

"அண்ணன் கேக்கலையே, அண்ணி."

அவனை அடிக்க வேண்டும் என்று கை எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்றது. அந்தத் துணியை நானும் பார்த்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலம், செருப்பை மாட்டும்போது, மூடியின் கைப்பிடியில் நீலக்கரை போட்ட துண்டு முடிச்சிட்டிருந்தது. இது எதற்கு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போட்டேன். மகளின் பரீட்சையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். துண்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. காலையில் கேட்பார், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கேட்டால் சொல்வதற்கு அவர் எங்கள் எல்லாரையும் பழக்கியிருந்தார். கேட்காமல் சொல்வதற்கு நாங்கள் யாரும் பழகவில்லை. அது யார் பிழை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நெட்டையிடம், "நானும் பாத்தேன்," என்று மட்டும் சொன்னேன். அவன் எழுந்து போக வெகுநேரம் ஆயிற்று.

ஐந்து வாரம் கழித்து மேற்பார்வை வேலையை எனக்கே கொடுத்தார்கள். இரக்கத்தில் கொடுத்தார்களா, வேறு ஆள் கிடைக்காமலா, நான் கேட்கவில்லை. பிழியும் இயந்திரம் இருந்த இடத்தில் புதியது நின்றது. முதல் நாள் ஆறரைக்கு உள்ளே போனேன். ஏழு பேரும் அவரவர் இடத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேள்விக்காகக் காத்திருந்தார்கள். அத்தனைக்குப் பிறகும்.

"கேளு," என்றாள் இஸ்திரி அக்கா மெதுவாக.

"கேக்க மாட்டேன்கா."

"பின்ன?"

"யாருக்கு எது சரியில்லன்னு தோணுதோ, அப்பவே வந்து சொல்லுங்க. நான் சோத்துல கை வச்சிருந்தாலும் சரி. அவசரம்னா மெயினை இறக்கிட்டு அப்புறம் சொல்லுங்க. என்கிட்ட உத்தரவு வேணாம்."

"வேன்காரன் வந்து குதிச்சா?"

"என் மேல குதிக்கட்டும்."

ஒரு வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டுத் தடவையாவது அந்தக் கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். கேட்டால், நான் காய்ச்சலில் படுக்கும் நாளில் இன்னொரு வீட்டில் ஒருத்தி என்னைப்போல நிற்பாள். நாக்கைக் கடித்துக்கொண்டு மேசைக்கும் சுவிட்சுக்கும் நடுவில் நடந்தேன்.

எட்டாம் நாள் ஒன்பது மணி இருக்கும். கூடம் சட்டென்று அடங்கிப்போனது. வேலை நடுவில் எல்லா இயந்திரமும் ஒன்றாக நிற்கும்போது வரும் அந்த அமைதியை முன்பு ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். மேசையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். மெயின் சுவிட்சின் கைப்பிடியில் கை வைத்தபடி நெட்டை நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"யாருக்கு?" என்றேன்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல அண்ணி. மூணாம் நம்பர் மிஷின் கதவு சரியா மூடல. தண்ணி கசியுது. மிதிச்சா வழுக்கும்."

"அது ஒம்பது வருஷமா அப்படித்தான்டா," என்றாள் இஸ்திரி அக்கா.

"தெரியும். ஆனா பழகிப்போச்சுன்னு யாரும் சொல்லல இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. நான் அவன் பக்கத்தில் போய், கைப்பிடியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். "நல்லது பண்ணே," என்றேன். அன்று நாற்பது நிமிடம் கூடம் நின்றது. வேன்காரர் குதித்தார். மெக்கானிக் வந்து கசிவை அடைத்தார். கதவால் ஆபத்தில்லை, கீல்தான் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அந்த மாதிரிக் கீல் இப்போது வருவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு எத்தனையோ முறை மெயினை இறக்கியிருக்கிறார்கள். பாதிக்குமேல் ஒன்றுமில்லாத விஷயங்கள். ஒவ்வொரு முறையும் என் கை மேசையைத் தேடிப் பிடிக்கிறது. மூன்றாம் இயந்திரத்தின் கதவை இன்றும் இடுப்பால் ஓர் இடி இடித்துத்தான் மூட வேண்டும்.