செல்லுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை

ஆய்வுக்கூடத்தைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கலாம் என்று அறிவித்திருந்த ஞாயிற்றுக்கிழமை, தையல்காரியம்மா அரைகுறையாய்க் கிடந்த துணிகளை அப்படியே போட்டுவிட்டுப் புருஷனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஓட்டுகிற மனுஷன், கிடைத்த ஒரு லீவும் போச்சே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். செயற்கைக் கருத்தரிப்பில் அவளுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். உறையவைத்திருந்த கருக்கள் சில மிச்சம். ஆராய்ச்சிக்குத் தருகிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இருவரும் மனசாரக் கொடுத்தார்கள். இந்த ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்புவோம் என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். நாத்தனார் என்று ஒருத்தி இருக்கிறாளே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? "ஆராய்ச்சியாவது ஒண்ணாவது! எடுத்துக் குப்பையில கொட்டியிருப்பாங்க" என்றாள். அன்றைக்குத் தைத்த முள், இரட்டைகள் பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் வெளியே வரவில்லை.

உள்ளே, கலைந்த தலையும் வெள்ளைக் கோட்டுமாக ஓர் ஆராய்ச்சிக்காரி நுண்ணோக்கியைக் காட்டினாள். "சில நாளே ஆன கருவுலேர்ந்து எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்லுங்க இது. உடம்புல எந்தச் செல்லாவும் மாறும். இதுங்களைக் கருமுட்டை, விந்தணு பக்கம் திருப்பிவிடப் பாக்கறோம். பச்சையா மின்னுது பாருங்க, அதெல்லாம் அந்த வழியில முதல் அடி எடுத்து வச்சிருக்கு."

தையல்காரியம்மா குனிந்து பார்த்தாள். இருட்டில் கடுகு சிதறினாற்போல் பச்சைப் புள்ளிகள்.

"இதால குழந்தை பொறக்குமா?" என்றார் புருஷன்.

"ஐயோ, அவசரப்படாதீங்க! பிள்ளை இல்லாம தவிக்கிறவங்களுக்கு எந்த இடத்துல தடங்கல்னு முதல்ல தெரியணுமில்ல? அதைத்தான் தேடறோம்."

"ஞாயித்துக்கிழமையும் வேலையா?"

"செல்லுக்கு ஏதுங்க ஞாயித்துக்கிழமை? தினமும் பழைய சத்துத் திரவத்தை எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும், அதுதான் இதுங்களுக்குச் சாப்பாடு. இல்லேன்னா செத்துப்போகும், இல்ல கண்டபடி மாறிடும். என் கல்யாணத்தன்னைக்கும் வந்து ஊத்திட்டுத்தான் போனேன். பொண்ணு ஓடிப்போச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்க!"

புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். தையல்காரியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கருவைக் கொடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியாது. தெரியவும் கூடாது, பேரை எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க." ஆராய்ச்சிக்காரியின் குரல் தணிந்தது. "ஆனா செல் வளர்ற பெட்டியைத் திறக்கறப்பல்லாம் நினைச்சுக்குவேன். வேணாம்னு தூக்கிப் போட்டிருந்தா யார் கேக்கப்போறாங்க? யாரோ ஒரு மகராசி கொடுத்திருக்கா. அவ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

"நல்லாத்தாம்மா இருக்கா! ரெட்டைப் பொண்ணுங்க, வீட்டையே ரெண்டாக்கு..."

தையல்காரியம்மா கிள்ளிய கிள்ளில் புருஷனின் வாய் மூடிக்கொண்டது. ஆராய்ச்சிக்காரி பதறிப்போய்க் கையை உயர்த்தினாள். "சொல்லாதீங்க, ஐயா!" பிறகு தையல்காரியம்மா பக்கம் திரும்பினாள். "எது யாரோடதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. சரியா வளராம போனதும் உண்டு. ஆனா இங்க வந்த ஒண்ணையும் நாங்க அலட்சியமா விட்டதில்லை. இன்னைக்கு இன்னும் ஊத்தலை. கூட நின்னு பாக்கறீங்களா?"

கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு தையல்காரியம்மா பக்கத்தில் போய் நின்றாள். ஆராய்ச்சிக்காரி செல்கள் கலையாதபடி, தட்டின் ஓரமாக, சொட்டுச் சொட்டாய்ப் புதுத் திரவத்தை விட்டாள். கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற பக்குவம்.

"ஒரு நாள்கூட பட்டினி போட்டதில்லையே?"

"ஒரு நாளும் இல்லீங்க."

"நீ நல்லா இருக்கணும், தாயி" என்று தையல்காரியம்மா கையுறையோடு கும்பிட்டாள். ஆராய்ச்சிக்காரிக்குத் திருப்பிக் கும்பிடக் கை ஒழியவில்லை. தலையை மட்டும் தாழ்த்தினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

தெருவுக்கு வந்ததும் தையல்காரியம்மா மூக்கைச் சிந்தி, முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"உங்க அக்காவுக்கு ஒரு போன் போடுங்க" என்றாள்.