மாப்பிள்ளை பார்த்த கரடி

உளுந்தூர்பேட்டை மாப்பிள்ளை ஜெரின் வாயைத் திறந்தால் ஒரு மலையாவது ஏறாமல் மூட மாட்டான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, லீவு விட்டால் ட்ரெக்கிங். ஒற்றை யானையை முறைத்தே விரட்டினானாம். அடேங்கப்பா, யானைக்கு வேறு வேலை இல்லை! பெண் பார்க்க வந்த நாளிலிருந்து ஷீபா இந்தப் பீத்தலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாதா கோயிலில் சாமியார், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று இரண்டு வாரம் கல்யாண ஓலை வாசித்துவிட்டார். நாளை ஞாயிறு, மூன்றாவது ஓலை. அதுவும் வாசித்துவிட்டால் தடை ஏதும் இல்லை என்று ஊரறிய முடிந்துவிடும். இவனோடு ஆயுசுக்கும் குப்பை கொட்ட முடியுமா என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

பேசிப் பழகட்டும் என்று அப்பா சின்னப்பன்தான் இருவரையும் மலைமேல் கரியாலூர்ப் பக்கம் அருவி பார்க்க அனுப்பினார். துணைக்குத் தன் அக்கா இஞ்ஞாசியம்மாளையும் சேர்த்து அனுப்பினார். அத்தைக்கு முட்டிவலி. காரை ரோட்டோரம் விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். முன்னால் ஜெரின், காலில் பூட்ஸ், கையில் மடக்குக் கோல்.

"எது வந்தாலும் என் பின்னாடி நின்னுக்கோங்க ஆன்ட்டி."

"நின்னுக்கிறேன் தம்பி. ஓடவா முடியும் என்னால?" என்றாள் அத்தை.

பாதை திரும்பிய இடத்தில் ஒரு பலாமரம். கீழே விழுந்து வெடித்த பழத்தைக் கட்டிக்கொண்டு ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. பத்தடி தூரம்கூட இருக்காது. தலையைத் தூக்கிப் பார்த்தது.

மலையேறிய மகராசன் திரும்பினான். குறுக்கே நின்ற அத்தையைத் தோளில் கை வைத்துத் தள்ளிவிட்டு, குதிகால் பிடரியில் அடிக்க ஓடினான். கோல் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். அத்தை முள்செடியில் போய் விழுந்தாள். ஷீபா அவள் பக்கத்தில் குந்தி, தோளைக் கட்டிக்கொண்டு மாதாவை மனசுக்குள் கூப்பிட்டாள். கரடி ஒருமுறை உறுமியது. அப்புறம் இந்த அற்பங்களோடு என்ன பேச்சு என்பதுபோல் எழுந்து புதருக்குள் போய்விட்டது.

முழங்கையில் ரத்தம் வழிய அத்தையைத் தாங்கிக்கொண்டு கார் வரைக்கும் வந்துசேர அரைமணி ஆனது. உள்ளே ஜெரின். நாலு கதவும் பூட்டியிருந்தன. ஷீபா கண்ணாடியைத் தட்டினாள். திறக்கவில்லை.

"போயிடுச்சா?" என்று உள்ளிருந்தே கேட்டான்.

அவள் தலையாட்டினாள். அதையும் நம்பாமல், அவர்கள் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தான். பயந்து ஓடியதை அவள் மன்னித்திருப்பாள். அவளும்தான் பயந்தாள். ஆனால் இது? சீ என்றிருந்தது அவளுக்கு.

வடக்கனந்தலில் ஷீபாவின் வீட்டில் காபியைக் கையில் வாங்கியதும் அவனுக்கு வீரம் திரும்பி வந்துவிட்டது.

"ஆன்ட்டி மேல பாய வந்துச்சி மாமா. கரடிய என் பக்கம் இழுக்கத்தான் நான் ஓடிக்கினே இருந்தேன்."

சின்னப்பனுக்குக் கண் கலங்கியது. "மாதா குடுத்த மாப்ள," என்றார்.

"கரடி என்னத் தொடவே இல்ல சின்னப்பா. தள்ளனது உன் மாப்ளதான்," என்றாள் அத்தை, முழங்கைக்கு மஞ்சள் அப்பிக்கொண்டே.

ஷீபா செருப்பை மாட்டினாள். "சாமியாரப் பாத்துட்டு வந்துடறேன்பா. நாளைக்கு ஓலை வாசிக்க வேணாம்."

ஜெரின் டம்ளரை வைத்தான். "இன்னா தடைன்னு சொல்லுவ அவருகிட்ட?"

"நாங்க வெளிய நின்னோம், நீங்க கதவத் திறக்கலன்னு சொல்லுவேன்."